மழையில் நிற்கும் வாங்கும் மடியிலிருந்து போகும் பணமும்

ஐப்பசி மழை சற்று ஓய்ந்த நாட்களில் கண்டி நகரின் புறத்தேயுள்ள குடியிருப்பு வீதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். கால் ஒடிந்த கதிரைகளும், துருவேறி ஒரு பக்கம் சாய்ந்த மேசைகளும், வெயிலில் வெளுத்து வெடித்த பிளாஸ்டிக் ஆசனங்களும் மதிலோரமாகக் குப்பை வண்டிக்காகக் காத்துக் கிடக்கும். அவற்றுட் பல, இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் புத்தம் புதியனவாக வாங்கப்பட்டவையாகும்.

எமது அயலிலுள்ள ஒரு குடும்பத்தினர் தீபாவளியையொட்டி முற்றத்தில் இடுவதற்கென மர வாங்கு ஒன்றினை வாங்கினர். தேக்கு என்று கூறியே அது விற்கப்பட்டது. கண்ணாடி போல் மினுங்கும் வார்ணிஷ் பூச்சு அதன் அழகைக் கூட்டியது. மூன்றாவது தீபாவளி வருவதற்கு முன்னரே, அவ்வீட்டு மூதாட்டி அதில் அமர்ந்தபோது பின்கால் முறிந்து அவர் கீழே விழுந்தார். நல்லவேளையாகப் பெரிய காயம் ஏதும் ஏற்படவில்லை. முறிந்த காலை எடுத்துப் பார்த்தபோது வெளியே மினுக்கம் சற்றும் குறையாதிருந்தது. உள்ளே மரம் நனைந்த பாண் போலப் பிய்ந்து வந்தது.

ஒரு வாங்கு முறிந்ததைப் பற்றி ஆசிரியர் பக்கத்தில் எழுதுவதா என வாசகர்கள் எண்ணக்கூடும். ஆயினும், கண்டியிலும் அதனைச் சூழவுள்ள பிரதேசங்களிலும் முற்றத்து ஆசனம் என்பது ஆடம்பரப் பொருள் மட்டுமன்று. மாலையில் முதியோர் காற்று வாங்கும் இடமும், விருந்தினரோடு தேநீர் அருந்தும் இடமும் அதுவே. வீட்டின் இரண்டு அறைகளை உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கும் சிறு விடுதிக்காரர்களுக்கு அது தொழில் முதலீடுமாகும். 2019ஆம் ஆண்டின் குண்டுவெடிப்புகள், 2020இன் பெருந்தொற்று, 2022இன் பொருளாதார நெருக்கடி என அடுத்தடுத்து அடி வாங்கிய இக்குடும்பங்களால் ஒரே பொருளுக்கு இரண்டு தடவை பணம் செலுத்த முடியாது. எனவே இவ்விடயம் குறித்துச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

கெடுப்பது மழையா, ஈரமா?

கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றும், டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றும் இங்கு மழையைத் தருகின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே மிகக் கூடுதலான மழை பெய்கின்றது. ஆண்டு முழுவதும் காற்றில் ஈரப்பதன் மிகுந்தே இருக்கும். ஹந்தான மலைச்சாரலில் மாலையானதும் பனிமூட்டம் இறங்கி வாசற்படியையும் நனைத்து விடும். தென்மேற்கே நாவலப்பிட்டி, கம்பளைப் பக்கம் மழை இன்னும் அதிகம். கிழக்கே திகன, தெல்தெனியப் பக்கம் மழை குறைந்து வெயில் உறைக்கும். ஆகவே கண்டி மாவட்டத்துக்குள்ளேயே ஓரிடத்துக்கு உகந்த பொருள் மற்றோரிடத்துக்கு உகந்ததாக இருக்கும் என்று கூறிவிட முடியாது.

மழையில் நனைவதால் மட்டும் மரம் உக்கிப் போவதில்லை. நனைந்த மரம் உலர வாய்ப்பின்றிக் கிடக்கும்போதே அது கெடுகிறது. மரத்திலுள்ள ஈரம் ஏறத்தாழ 20 வீதத்துக்கு மேல் நீடித்து நிற்குமானால் பூஞ்சணம் வேர்விடத் தொடங்கும். பூஞ்சணம் மென்மையாக்கிய மரத்தைக் கறையான் எளிதில் அரித்துத் தின்றுவிடும். இரும்பின் கதையும் இதுவே. மழைநீர் வழிந்தோடி உலர்ந்துவிடும் மேற்பரப்பைவிட, நீர் தங்கும் மூட்டுகளிலும் குழாயின் உட்புறத்திலுமே துரு முதலில் பிடிக்கிறது. எனவே முற்றத்துத் தளபாடத்தைத் தெரிவு செய்யும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது நனைந்தால் எவ்வளவு விரைவில் உலரும் என்பதேயாகும். விலையும் அழகும் அதற்குப் பின்னர் வர வேண்டியவை.

முன்னோர் காட்டிய வழி

இவ்வுண்மையை அறிந்துகொள்ள நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கண்டியிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள எம்பக்க தேவாலயம், கம்பளை இராசதானிக் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் விக்கிரமபாகு மன்னனின் ஆட்சியில் கதிர்காமக் கடவுளுக்கென அமைக்கப்பட்டது. அதன் முரசு மண்டபத்து மரத்தூண்களில் செதுக்கப்பட்டுள்ள அன்னமும் இரட்டைத்தலைக் கழுகும் மல்லர்களும் நடன மாதரும் இன்றும் காண்போர் கண்களைக் கவர்கின்றன. கண்டி நகரிலேயே, நாயக்க வம்சத்து மன்னரான இராஜாதி ராஜசிங்கனின் காலத்தில் 1783இல் கட்டத் தொடங்கப்பட்ட மகுல் மடுவ எனும் அரசவை மண்டபம் உள்ளது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தானது இம்மண்டபத்திலேயாகும். சுவர்களின்றித் திறந்திருக்கும் அம்மண்டபத்தின் கூரையையும் மரத்தூண்களே தாங்கி நிற்கின்றன.

இம்மரங்கள் இத்தனை காலம் நிலைத்தமைக்கு அவற்றின் இயற்கையான உறுதி ஒரு காரணமாகும். அதற்கு நிகரான மற்றொரு காரணம் அக்காலத் தச்சரின் முன்யோசனையாகும். தாழ்ந்து இறங்கும் ஓட்டுக்கூரை சாரலைத் தடுத்தது. கல்லாலான மேடை ஈரமண்ணிலிருந்து மரத்தைப் பிரித்து வைத்தது. நாற்புறமும் திறந்த அமைப்பு காற்றோட்டத்தைத் தந்தது. நல்ல மரத்தைத் தேர்ந்து, மண்ணிலிருந்து உயர்த்தி, காற்றுப்பட வைத்தல் என்ற இந்த மூன்று விதிகளும் ஓர் எளிய முற்றத்து வாங்குக்கும் பொருந்துவனவாகும்.

மரங்களுள் எது?

தமிழில் 'வைரம் பாய்ந்த மரம்' என்றொரு வழக்கு உண்டு. மரத்தின் நடுப்பகுதியிலுள்ள முதிர்ந்த, நிறம் கூடிய பாகமே வைரம். அதனைச் சூழ்ந்துள்ள வெளிறிய பாகம் சாறு ஓடும் பகுதியாகும். எந்தச் சிறந்த மரமாயினும் இவ்வெளிறிய பாகம் மழைக்கும் பூச்சிக்கும் தாக்குப்பிடிப்பதில்லை. முன்னர் குறிப்பிட்ட அயல்வீட்டு வாங்கு தேக்குத்தான் என வைத்துக்கொண்டாலும், அதன் கால்கள் வைரமற்ற இளமரத்தால் செய்யப்பட்டிருந்தன. சாயம் பூசியதால் அது கண்ணுக்குத் தெரியவில்லை.

தேக்கு மரத்தில் இயல்பாகவே எண்ணெய்த்தன்மை உண்டு. கறையானை அண்டவிடாத சேர்மங்களும் அதில் உள்ளன. இதனாலேயே உலகெங்கும் கப்பல் கட்டுவோர் அதனை விரும்பினர். பிரித்தானியாவில் பழைய போர்க்கப்பல்களை உடைத்தபோது கிடைத்த தேக்குப் பலகைகளைக் கொண்டு தோட்ட வாங்குகள் செய்து விற்றனர் என்பது சுவையான செய்தியாகும். பல்லாண்டுகள் கடலில் கிடந்த மரத்துக்குத் தோட்டத்து மழை எம்மாத்திரம்? எனினும் இளவயதில் வெட்டப்பட்ட தோட்டத் தேக்கில் வைரம் குறைவாகவே இருக்கும். ஐரோப்பிய நியமங்கள் மரங்களின் இயற்கை உறுதியை 1 முதல் 5 வரையான வகுப்புகளாகப் பிரிக்கின்றன. முதிர்ந்த தேக்கு முதலாம் வகுப்பில் அடங்கும். தோட்டத் தேக்கு அதற்குக் கீழும் இறங்கக்கூடும். எனவே தேக்கு என்ற பெயரை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்து விடலாகாது.

எமது நாட்டு மரங்களுள் முதிரையும் பாலையும் மிகக் கடினமானவை. பாரமும் விலையும் கூடியவை என்பதோடு, இலகுவில் கிடைப்பவையும் அல்ல. சிங்களத்தில் ஹல்மில்ல என வழங்கப்படும் சாவண்டலை மரமும் நெடுங்காலம் உழைக்கும். கண்டியின் வீட்டுத்தோட்டங்களில் மிளகுக்கொடி படரவும் நிழல் தரவும் வளரும் பலாமரமோ, சாதாரண குடும்பத்துக்கு எட்டும் விலையில் கிடைக்கும் நல்ல மரமாகும். மஞ்சளாக இருக்கும் அதன் வைரம் காலப்போக்கில் பழுப்பேறி அழகு பெறும். கறையானையும் ஓரளவு எதிர்த்து நிற்கும்.

இங்கு ஒரு சட்ட விடயத்தையும் கவனத்திற் கொள்ள வேண்டும். 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை அனுமதியின்றி வெட்ட முடியாது. சொந்த வளவில் நிற்கும் பலாவைத் தறித்து வாங்கு செய்ய நினைப்போர் முதலில் பிரதேச செயலகத்தில் விசாரித்துக் கொள்வது நன்று. மரக்காலையில் வாங்குவோர் பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவது தம்மைப் பாதுகாப்பதோடு, களவாக வெட்டப்படும் காட்டு மரத்துக்குச் சந்தை கிடைப்பதையும் தடுக்கும்.

வெளியே வைக்கத் தகாதவை எவை? இறப்பர் மரத் தளபாடம் வீட்டினுள் நன்கு உழைக்கும். பூச்சி தாக்காதிருக்க அதற்கு ஊட்டப்படும் போரன் மருந்து நீரில் கரையும் தன்மையுடையது. தொடர் மழையில் அது கழுவுண்டு போக, மரம் பாதுகாப்பற்றதாகி விடும். அல்பீசியா போன்ற மென்மரங்களும், பலகைத்தூள் ஒட்டிச் செய்த பலகைகளும் ஒரு மழைக்காலத்தையே தாங்கமாட்டா. மரத்துக்கு நஞ்சூட்டிப் பதனிடுவதிலும் எச்சரிக்கை தேவை. செம்பு, குரோமியம், ஆசனிக் கலந்த மருந்தூட்டிய மரத்தை வீட்டுப் பாவனைக்கு உற்பத்தி செய்வதை அமெரிக்க நிறுவனங்கள் 2003ஆம் ஆண்டின் இறுதியுடன் கைவிட்டன. பிள்ளைகள் ஏறி விளையாடும் ஆசனத்தில் என்ன மருந்து ஏற்றப்பட்டுள்ளது என்று கேட்பது வாங்குவோரின் உரிமையாகும்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் வீதியில் வேவல்தெனியவைக் கடப்போர் அங்கு தொங்கும் பிரம்புக் கதிரைகளைக் கண்டு மயங்காதிருப்பதில்லை. கைவினைஞரின் திறமைக்குச் சான்றான அப்பொருட்கள் விறாந்தைக்கு மிகப் பொருத்தமானவை. முற்றத்து மழைக்கு அவை உரியன அல்ல. மூங்கிலும் அவ்வாறே. பேராதனைத் தாவரவியற் பூங்காவில் மகாவலிக் கரையோரம் இராட்சத மூங்கில்கள் வானளாவி நிற்பதைப் பார்த்து அதன் வலிமையை வியக்கிறோம். ஆனால் வெட்டிய மூங்கிலில் மாச்சத்து மிகுதியாதலால் வண்டு துளைக்கும். பதனிடாத மூங்கில் ஆசனம் மண்ணில் நின்றால் ஓரிரு ஆண்டுகளில் உளுத்துப் போகும்.

இரும்பு, அலுமினியம், பிளாஸ்டிக்

மரத்துக்கு வசதியில்லாதோர் இரும்பை நாடுவது இயல்பு. சாதாரண இரும்புக் குழாயில் வர்ணம் பூசிய கதிரை பார்வைக்கு உறுதியாகத் தோன்றும். வர்ணத்தில் ஒரு கீறல் விழுந்ததும் அதன் வழியே ஈரம் புகுந்து, பூச்சின் அடியிலேயே துரு பரவும். நாகமுலாம் பூசிய குழாயில் செய்தது இதனைவிட நீடித்து உழைக்கும். அதிலும் உருக்கி ஒட்டிய மூட்டுகளில் முலாம் எரிந்து போயிருக்கும் என்பதால், அவ்விடங்களுக்கு மீண்டும் நாகப்பூச்சு இடப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

அலுமினியம் துருப்பிடிப்பதில்லை, பாரமும் குறைவு. கண்டியின் ஈரக் காலநிலைக்கு அது நல்ல தெரிவாகும். தகடு மெல்லியதாக இருந்தால் வளைந்துவிடும் என்பதும், காற்றுக்கும் குரங்குகளின் சேட்டைக்கும் எளிதில் கவிழும் என்பதுமே அதன் குறைகள். துருவேறாத உருக்கில் 304, 316 எனத் தரங்கள் உண்டு. கடலோர உப்புக்காற்றுக்கு 316 தேவை. கடலிலிருந்து வெகுதூரத்திலுள்ள கண்டிக்கு 304 போதுமானதாகும். இதனை அறியாது கூடுதல் விலை கொடுப்போரும் உளர்.

பிளாஸ்டிக் கதிரையை மழை ஒன்றும் செய்யாது. அதன் எதிரி வெயில். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் பிணைப்புகளை அறுப்பதால், மேற்பரப்பு சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளுத்து, பின்னர் திடீரென வெடிக்கும். புறஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலக்கப்பட்டுள்ளதா என விசாரித்து, தடிப்பானதைத் தெரிவு செய்ய வேண்டும். கையால் தேய்த்தால் வெண்தூள் ஒட்டும் பழைய கதிரையில் முதியோரையும் கருவுற்ற பெண்களையும் அமர விடலாகாது. அது முன்னறிவிப்பின்றி முறியும்.

சீமெந்தாலும் கருங்கல்லாலும் செய்த வாங்குகள் தலைமுறை கடந்து நிற்கக்கூடியவை. ஒருமுறை வைத்தால் நகர்த்த முடியாது என்பதையும் ஈரக்காலத்தில் பாசி படிந்து வழுக்கும் என்பதையும் முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும். சரிவான நிலத்தில் வைப்போர் அடித்தளத்தைச் செவ்வையாக இடுதல் அவசியமாகும்.

செய்யப்பட்ட முறையே பாதி உறுதி

நல்ல மரத்தில் மோசமாகச் செய்த ஆசனத்தைவிட நடுத்தர மரத்தில் நன்கு செய்த ஆசனம் நெடுநாள் உழைக்கும். இருக்கைப் பலகைகளுக்கிடையே விரல் நுழையாத அளவுக்கேனும் இடைவெளி இருக்க வேண்டும். இருக்கை சற்றுச் சரிந்திருந்தால் நீர் நிற்காது ஓடும். ஒரு துண்டின் முனையை மற்றதில் துளையிட்டுச் செருகி மரமுளை அடித்து இறுக்கிய பொருத்து, வெறும் ஆணி அடித்த பொருத்தைவிடச் சிறந்தது. இரும்பாணி ஈரமரத்தில் துருவேறிக் கறுப்புக் கறையை உண்டாக்குவதோடு மரத்தையும் கெடுக்கும். பித்தளை அல்லது துருவேறாத உருக்குத் திருகாணியே தகுந்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது காலின் அடிப்பாகம். மரத்தின் குறுக்குவெட்டு முகம், விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். அயல்வீட்டு வாங்கின் கால் முதலில் உக்கியதும் இவ்வாறே. காலின் அடியில் மெழுகோ தடித்த வர்ணமோ ஏற்றி, ஒவ்வொரு காலையும் ஒரு தட்டைக் கல்லின் மேல் நிறுத்தினால் வாங்கின் ஆயுள் பெருமளவு கூடும். இதற்குச் செலவு ஏதுமில்லை என்றே கூறலாம்.

கடையில் வாங்கும்போது ஆசனத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பாருங்கள். சாயம் படாத அடிப்பக்கத்தில் வெளிறிய மரம் எவ்வளவு, வைரம் எவ்வளவு என்பது தெளிவாகத் தெரியும். பிளவுகளைப் பசை கலந்த மரத்தூளால் அடைத்திருந்தால் அதுவும் அங்கே புலப்படும். புரட்டிப் பார்க்க அனுமதி மறுக்கும் கடையில் வாங்காது திரும்புவதே மேல்.

தேங்கும் நீரும் நுளம்பும்

முற்றத்துத் தளபாடத்தின் தெரிவில் பெரும்பாலானோர் எண்ணிப் பார்க்காத மற்றொரு விடயமும் உண்டு. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டனர் என்பதை நாம் மறந்துவிட முடியாது. கண்டி மாவட்டமும் டெங்கு அச்சத்துக்கு விலக்கானதன்று. ஈடிஸ் நுளம்புக்குக் குளமோ குட்டையோ தேவையில்லை. குழிந்த பிளாஸ்டிக் இருக்கை, மூடியற்ற இரும்புக் குழாயின் வாய், வெட்டிய மூங்கிலின் கணு, மேசையில் குடை செருகும் அடித்தொட்டி என்பவற்றில் தேங்கும் சிறிதளவு நீரே அதற்குப் போதும். முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரம் முதல் 10 நாட்கள் வரையே எடுக்கும்.

ஆகவே நீர் வடியும் துளையுள்ள இருக்கையைத் தெரிவு செய்வதும், குழாய் முனைகளை அடைப்பதும், பாவிக்காத கதிரைகளைக் கவிழ்த்து அல்லது சாய்த்து வைப்பதும், வாரம் ஒருமுறை முற்றத்தைச் சுற்றிப் பார்ப்பதும் வீட்டாரின் கடமையாகும். மரத்தைக் கெடுக்கும் தேங்கிய நீரே மனிதரையும் கெடுக்கிறது.

பராமரிப்புக்கு ஒரு காலம்

ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை கண்டியில் மழை குறைந்த காலமாகும். மரத் தளபாடத்தைச் சவர்க்கார நீரால் கழுவி, நன்கு உலரவிட்டு, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய் பூசுவதற்கு இதுவே உகந்த தருணம். வார்ணிஷ் மரத்தின் மேல் படலமாக நிற்கும். அதில் வெடிப்பு விழுந்ததும் உட்புகும் நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். எண்ணெய்ப் பூச்சு மரத்தினுள் ஊறுவதால் உரிவதில்லை. ஆண்டுதோறும் மீண்டும் பூசினால் போதும். தேக்கு வெயிலில் சாம்பல் நிறமாவது இயல்பான மாற்றமே. அது கெட்டுவிட்டது என்று பொருளல்ல.

ஏப்ரல் இறுதியில், தென்மேல் பருவமழைக்கு முன்னர், திருகாணிகளை இறுக்கி, இரும்பின் கீறல்களுக்கு வர்ணம் தொட்டு வைக்க வேண்டும். செப்டெம்பரிலும் இதனை ஒருமுறை செய்தல் நன்று. மழைக்காலத்தில் பொலித்தீனால் இறுக்கி மூடுவது நன்மையைவிடத் தீமையே செய்யும். உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பூக்கும். மூடுவதாயின் அடியில் காற்றுப் புக இடம் விட வேண்டும். இலைகளிலிருந்து நெடுநேரம் நீர் சொட்டும் மரநிழலைவிட, காலை வெயில் படும் மூலையே ஆசனத்துக்கு ஏற்ற இடமாகும்.

எமது கருத்து

மலிவு என்பது விலைச்சீட்டில் எழுதப்பட்டிருப்பதன்று. ஒரு பங்கு விலைக்கு வாங்கிய பொருள் 2 ஆண்டுகளில் அழிந்தால் 10 ஆண்டுகளில் 5 பங்கு செலவாகும். மூன்று பங்கு விலைக்கு வாங்கிய பொருள் அந்தப் 10 ஆண்டுகளையும் தாண்டி நின்றால் எது மலிவு என்பதை எவரும் கணக்கிட்டுக் கொள்ளலாம். முழுத் தொகுதியையும் ஒரே தடவையில் வாங்க இயலாதோர், மலிவான நான்கு கதிரைகளுக்குப் பதிலாக வைரம் பாய்ந்த பலாவில் ஒரே ஒரு வாங்கைச் செய்வித்துக் கொள்வது புத்திசாலித்தனமாகும். அதன் மூலம் உள்ளூர்த் தச்சர் ஒருவருக்கும் வேலை கிடைக்கும்.

விற்பனையாளர்களுக்கும் நாம் ஒன்று கூற விரும்புகிறோம். வீட்டினுள் வைக்க வேண்டியது எது, மழையில் நிற்கக்கூடியது எது, எந்த மரத்தால் செய்யப்பட்டது என்பவற்றை ஒரு சிறு சீட்டில் எழுதி ஒட்டி விற்பது கடினமான காரியமன்று. அவ்வாறு எழுதப்பட்டிருக்குமானால் அயல்வீட்டு மூதாட்டி அன்று விழுந்திருக்க மாட்டார். அவர் இப்போது முற்றத்துக்கு வருவதில்லை. விறாந்தையில் உள்ள பழைய பிரம்புக் கதிரையிலிருந்தே மழையைப் பார்த்துக் கொண்டிருக்கிறார்.